திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பது: ஒரு சேகரத்துக்கான வழிகாட்டி

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளில் ஒரு குடும்பத் தலைவர் இறந்து, இளவயதுத் தாய் இரண்டு மூன்று பிள்ளைகளோடு நிற்கும்போது, அடக்க ஆராதனை முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் யாராவது ஒருவர், "பிள்ளைகளைப் போர்டிங்கில் விட்டுவிடலாமே, சாப்பாடும் படிப்பும் கிடைக்குமே" என்று சொல்லிவிடுகிறார். நல்ல மனதோடுதான் சொல்லுகிறார். அந்தத் தாயும் வேறு வழி தெரியாமல் தலையசைத்துவிடுகிறார். அந்தத் தலையசைப்புக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய வேலைகள் ஏராளமாக இருக்கின்றன என்பதையும், அவற்றைப் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்தே படித்து முடிக்க முடியும் என்பதையும், சேகரத்தின் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பின்) பிள்ளைகள் பராமரிப்புக் குழுவில் இருந்த ஆண்டுகளில் நான் கண்டிருக்கிறேன். அந்த வேலைகளை, அவை வருகிற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படுகிற உபத்திரவத்திலே விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்கிறது. இரண்டு பேரையும் அந்த வசனம் சேர்த்தே சொல்லுகிறது என்பதை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. பழைய ஏற்பாட்டில் திக்கற்ற பிள்ளை என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் 'யாத்தோம்' என்ற எபிரெயச் சொல், பெரும்பாலும் தகப்பனை இழந்த பிள்ளையைக் குறிப்பது. 109ஆம் சங்கீதத்தில் ஒருவனுடைய பிள்ளைகள் திக்கற்றவர்களும் அவன் மனைவி விதவையும் ஆவது ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. வேதம் பேசுகிற திக்கற்ற பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு தாய் இருக்கிறாள். 'விசாரித்தல்' என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. இருக்கிற இடத்துக்குப் போய், உட்கார்ந்து, என்ன ஏது என்று கேட்டு, வேண்டியதைச் செய்து, மறுபடியும் போவதுதான் விசாரிப்பு. பிள்ளையை நம்மிடத்துக்கு வரவழைத்து வைத்துக்கொள்வது, இது எல்லாம் முடியாமற்போன பிறகு வருகிற கடைசி வழி.

இல்லங்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே 1698இல் அடிக்கல் நாட்டிய திக்கற்றோர் இல்லத்தின் மரபிலிருந்து வந்தவர்தான், 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனெரி சீகன்பால்கு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாசரேத்தில் மிஷனெரி மர்காஷிஸ் ஐயர் காலத்தில் உருவான இல்லமும், 1878இல் தொடங்கிய கைத்தொழில் பள்ளியும், பல குடும்பங்களை நிமிர்த்தியவை. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் ஏற்ற பிள்ளைகள், திரும்பிப் போக வீடு இல்லாதவர்கள். அங்கேகூடப் பிள்ளைகளைப் பராமரித்த பெண்கள் அக்கா என்றும் சித்தி என்றும் அழைக்கப்பட்டார்கள் என்பது எனக்குப் பெரிய பாடமாகத் தோன்றுகிறது. அந்த இல்லங்கள் எழுந்தபோது பஞ்சம் குடும்பத்தையே அழித்திருந்தது, அல்லது குடும்பமே பிள்ளையைக் கைவிட்டிருந்தது. இன்று நம்மிடம் கொண்டுவரப்படும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ பாட்டியோ இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது மாதம் சில ஆயிரம் ரூபாயும், அலுவலகங்களுக்குக் கூட நடக்க ஓர் ஆளும்தான்.

முதல் மாதம்

வீட்டுக்கு இரண்டு பேர் போங்கள். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அந்தத் தெருவை அறிந்த ஒருவர் இருந்தால் அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. சேகரகுருவும் கமிட்டி அங்கத்தினர்களும் கூட்டமாகப் போய் நின்றால், அந்தத் தாய் எதற்கும் சரி என்றே சொல்லுவார். முதல் சந்திப்பில் எந்த உதவியையும் வாக்களிக்க வேண்டாம், கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டாம் மூன்றாம் சந்திப்புகளில் சில விஷயங்கள் தெளிவாகிவிட வேண்டும். மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் வாங்கிய கடன் எவ்வளவு, அது வட்டிக்கு வாங்கியதா, குழுக் கடனா? வீடு யார் பெயரில் இருக்கிறது? தாய் வேலைக்குப் போனால் மாலையில் பிள்ளைகளோடு யார் இருப்பார்கள்? இரவில் அந்த வீட்டில் யார் யார் தூங்குகிறார்கள்? குடிப்பழக்கம் உள்ள உறவினர் யாராவது வந்து போகிறாரா? பிள்ளை கடந்த மாதம் எத்தனை நாள் பள்ளிக்குப் போயிற்று? கடைசிக் கேள்விக்குத் தாயிடமும் வகுப்பாசிரியரிடமும் தனித்தனியே பதில் வாங்குங்கள், ஏனென்றால் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம், தாயின் காதுக்கு எட்டாத, ஆனால் அவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில், அந்தப் பெண் ஊழியர் தனியே பேச வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைத்து, அந்த நோட்டை ஒருவர் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு காகிதங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்வது, இறப்புச் சான்றிதழ், சட்டப்பூர்வ வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டையில் பெயர் நீக்கமும் மாற்றமும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், தாய் பெயரில் வங்கிக் கணக்கு ஆகிய இவை இல்லாமல் எந்த உதவியும் நகராது. இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் கூடப் போவதற்கு ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சபையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், பாடகர் குழுவிலோ கமிட்டியிலோ. அவருடைய நாற்பது வருட அலுவலக அறிவு, ஓர் அசனத்துக்கு (சபையாரின் பொது விருந்துக்கு) ஆகும் செலவைவிட அந்தக் குடும்பத்துக்கு அதிகப் பயன் தரும். அகதியாகவோ, பிற மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவராகவோ குடும்பம் இருந்தால் இந்த ஒரு வேலைக்கே ஆறு மாதம் ஆகலாம். அதற்காக மற்ற வேலைகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டைத் தாங்கும் பணம்

அரசு தருவதை முதலில் வாங்கிக்கொடுத்து, அது எட்டாத இடத்தில் காணிக்கைப் பணத்தைச் செலவிடுவதே சரியான முறை. பிள்ளைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவுப் பிரிவில், தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருக்கும் பிள்ளைகளுக்கும், பெற்றோர் இல்லாமல் உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கும், பெற்றோர் உயிர்க்கொல்லி நோயால் அவதிப்படும் பிள்ளைகளுக்கும், ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்கும் 18 வயது முடியும் வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. சம்பாதிக்கும் தகப்பனோ தாயோ விபத்தில் இறந்திருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு நிதியாகச் செலுத்தும் திட்டமும் உண்டு. அதைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்க வேண்டும் என்பது தெரியாமலே பல குடும்பங்கள் விட்டுவிட்டன. தாய்க்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகை தனி.

இவற்றுக்கு ஒப்புதல் வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியைத் தாங்குவதே சபையின் முதல் பணச் செலவாக இருக்கட்டும். அதன்பின் வட்டிக் கடனை ஒரே தடவையில் அடைத்துவிடுவது, மாதாமாதம் அரிசி மூட்டை கொடுப்பதைவிடப் பல மடங்கு பயனுள்ளது; கடன்காரர் வாசலில் நிற்கிற வீட்டில் எந்தப் பிள்ளையும் படிக்காது. பணத்தைத் தாயின் கணக்கில், அவர் பெயரிலேயே போடுங்கள். ஆலயத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுக்க வேண்டாம். ஓராண்டுக்கு எழுதித் தந்த தொகை, நன்கொடையாளரின் மனம் மாறினாலும் நின்றுவிடாதபடி, ஆறு மாதத் தொகையைக் குழு எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும். பாதியில் நின்றுபோகிற உதவியால் பிள்ளைக்கு வருகிற காயம், உதவியே கிடைக்காததைவிட ஆழமானது.

எந்தப் பள்ளி

நல்லெண்ணத்தால் அதிகத் தவறு நடப்பது இங்கேதான். பிள்ளையின்மேல் இரக்கப்பட்ட ஒருவர், ஊரிலேயே பெரிய ஆங்கிலவழி மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்த்துவிடுகிறார். தகப்பனை இழந்த பிள்ளை, அதே மாதத்தில் தன் ஆசிரியரையும், நண்பர்களையும், படித்துவந்த மொழியையும் இழக்கிறது. நான்காம் வகுப்பிலிருந்தோ ஏழாம் வகுப்பிலிருந்தோ ஆங்கிலவழிக்கு மாறி, வீட்டில் சொல்லித்தர ஆளில்லாமல், பாடம் புரியாமல் மனப்பாடம் செய்து, ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டப்பட்டு வெளியே வந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது, அது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்திலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கும் மாணவருக்கும் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கே உரியது. காலை உணவு, மதிய உணவு, பாடநூல், சீருடை, மிதிவண்டி, பேருந்துப் பயணம் என்று பள்ளி வழியாக வருபவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாம் கட்டணம் கட்டிச் சேர்க்கும் தனியார் பள்ளி அந்தப் பிள்ளைக்கு நட்டமாகவே முடியலாம். ஆகவே, வேறு வலுவான காரணம் இல்லாவிட்டால், பிள்ளை படித்துக்கொண்டிருந்த அரசுப் பள்ளியிலேயே தொடரட்டும்; கட்டணத்துக்கு ஒதுக்கிய பணம் மாலை வகுப்புக்குச் செலவாகட்டும். கிறிஸ்தவப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று குழுவில் சிலர் வற்புறுத்துவார்கள். அரசு உதவி பெறும் திருமண்டலப் பள்ளி (நம் மறைமாவட்டம் நடத்தும் பள்ளி) பக்கத்தில் இருந்து, பிள்ளைக்கும் விருப்பம் இருந்தால் நல்லதுதான். ஆனால் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்குப் பொருந்தாது என்பதைத் தாய்க்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம்முடைய பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்லுகிறது. தமிழ்நாட்டில் ஆதரவற்ற பிள்ளைகளும் அதில் அடங்குகிறார்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. சட்டம் நம்மைக் கேட்காத இடத்தில் நாமே முன்வந்து, ஒவ்வொரு வகுப்பிலும் சில இடங்களைத் திக்கற்ற பிள்ளைகளுக்கென்று கட்டணமின்றி ஒதுக்கினால் என்ன? சேகரக் கமிட்டிக்கும் பள்ளித் தாளாளருக்கும் இதை எழுத்தில் கொண்டுபோகும்படி ஒவ்வொரு குழுவையும் வேண்டிக்கொள்கிறேன்.

ஊர் மாறியதால் புதிய பள்ளியில் சேர்க்க நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ எட்டாம் வகுப்புவரை அதே சட்டம் அனுமதிப்பதில்லை. இடையில் படிப்பை நிறுத்திய பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் அது சொல்லுகிறது. பதினொரு வயதுப் பிள்ளையை மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் ஓடிவிடும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

மாலை வகுப்பு

சேகரத்தால் தன் கையாலேயே செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை இதுதான். ஞாயிறு பள்ளிக்கு இருக்கிற அறை வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை அதைத் திறந்துவையுங்கள். திக்கற்ற பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்காமல் அந்தத் தெருவின் எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்த மதத்தவரானாலும், திறந்துவைத்தால்தான் யாருக்கும் அடையாளம் குத்தப்படாது. முதலில் அவித்த பயறோ சுண்டலோ கொடுங்கள். பசியோடு வந்த பிள்ளைக்கு முதல் அரை மணி நேரம் வீண். ஓர் ஆசிரியருக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஊதியம் கொடுத்து அமர்த்துங்கள்: ஊதியமில்லாத தன்னார்வலர்கள் தேர்வுக்காலத்தில், அதாவது பிள்ளைக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், தங்கள் வீட்டு வேலைகளால் வர இயலாமல் போய்விடுகிறார்கள்.

முதல் நாளில் ஒவ்வொரு பிள்ளையிடமும், அது எந்த வகுப்பில் படித்தாலும், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழித்தல் கணக்கு ஒன்றைக் கொடுங்கள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் இதில் தடுமாறுவதைக் கண்டு ஆசிரியர் அதிர்ச்சியைக் காட்டிவிடக் கூடாது. வாசிக்க இயலாத பிள்ளைக்குப் பள்ளி வீட்டுப்பாடத்தைச் செய்ய வைப்பதில் நேரம் போக்காமல், முதல் மூன்று மாதமும் வாசிப்பு மட்டுமே சொல்லிக்கொடுங்கள். சத்தமாக வாசிப்பது, சொல்வதை எழுதுவது, மறுநாள் அதையே வாசிப்பது போதும். வாசிப்பு வந்துவிட்டால் மற்றப் பாடங்கள் தாமே அசையத் தொடங்கும்.

மரணத்தைக் கண்ட பிள்ளை படிப்பில் பின்தங்குவதற்குக் காரணம் எப்போதும் அறிவுக் குறைவாக இருப்பதில்லை. எட்டு மாதங்களுக்கு முன் தகப்பனை அடக்கம் செய்த ஒரு சிறுவன், வகுப்பில் எவ்வளவு அதட்டினாலும் நிமிராமல் நோட்டின் ஓரத்தில் பேருந்துகளையே வரைந்துகொண்டிருந்தான். அவன் தகப்பன் ஓட்டுநர். எங்கள் ஆசிரியை அந்தப் பேருந்துகளின் வழித்தட ஊர்ப் பெயர்களை எழுதச் சொல்லியே அவனுக்கு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், திடீர்க் கோபம், தாயை விட்டு நகராமை ஆகியவை பல மாதங்கள் நீடித்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஜெபிப்பதும் மருத்துவரிடம் போவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பையன் பேக்கரி வேலைக்கோ, கட்டட வேலைக்கோ, படகுக்கோ போகத் தொடங்குவதும், பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவதும் இந்த வயதில்தான். இரண்டையும் முன்னறிவிப்பது வருகைப்பதிவு. திங்கட்கிழமைகளில் தொடர்ந்து வராத பையன் ஞாயிறு இரவு எங்கே இருந்தான் என்று அன்றே போய்க் கேளுங்கள். இது நடக்க வேண்டுமானால் வகுப்பாசிரியரின் அலைபேசி எண் குழுவிடம் இருக்க வேண்டும், பெற்றோர் கூட்டத்துக்குத் தாயோடு ஒருவர் போக வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளைக்காகப் பள்ளியில் வந்து கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே ஆசிரியரின் கவனம் மாறும்.

வீடே இல்லாதபோது

தாயும் இல்லை, ஏற்கும் உறவினரும் இல்லை, அல்லது வீட்டுக்குள்ளேயே பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது என்றால் சபை தானாக முடிவெடுக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவின்றிக் காணப்படும் பிள்ளையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். பிள்ளையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம், ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கே உண்டு. பிள்ளையில்லாத நல்ல விசுவாசக் குடும்பம் ஒன்று காத்திருக்கிறது என்பதற்காகக் கைக்குழந்தையை அவர்களிடம் கொடுத்துவிடுவது, எவ்வளவு அன்போடு செய்தாலும், தண்டனைக்குரிய குற்றம். அவர்கள் முறைப்படி மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து காத்திருக்கட்டும். தத்துக்கு வழியில்லாத பிள்ளைகளுக்கு, தத்தெடுக்காமலே வேறொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டைச் சட்டம் தருகிறது. சபைக் குடும்பங்கள் முன்வர வேண்டிய இடம் இது, நாம் இன்னும் போதிய அளவில் முன்வரவில்லை.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டுவாக்கில் 136 குழந்தைகளை வைத்துத் தொடங்கிய ஆய்வில், இல்லங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள், இல்லத்திலேயே தொடர்ந்தவர்களைவிட அறிவு வளர்ச்சியில் முன்னேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் மாற்றப்பட்டவர்கள் மிகுதியாக முன்னேறினார்கள். சிறு குழந்தைகளை இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இல்லம்தான் வழி என்று குழந்தைகள் நலக் குழுவே ஆணையிட்டால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் பதிவு பெற்ற இல்லமாக அது இருக்க வேண்டும். பதிவின்றி நடத்துவோருக்கு ஓராண்டுவரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. நேரில் போய்ப் பாருங்கள். மத்திய மாதிரி விதிகள் ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குளியலறையும் கேட்கின்றன. அதை எண்ணிப் பாருங்கள். சமையலறையைப் பாருங்கள், பிள்ளைகள் தங்கள் துணியை வைத்துக்கொள்ளத் தனிப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இரவுக் காப்பாளர் யார், அவர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காப்பாளர் மாறும் இல்லத்தில் பிள்ளை யாரோடும் ஒட்டாது. விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறார்களா என்பது இன்னும் முக்கியமான கேள்வி. புதிதாக இல்லம் கட்டத் துடிக்கும் சபைகளுக்கு நான் சொல்லக்கூடியது, அந்தக் கட்டடத்தின் செலவில் எத்தனை தாய்மாரின் கடனை அடைத்து எத்தனை பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்று முதலில் கணக்குப் போடுங்கள் என்பதுதான்.

விசுவாசத்தைப் பற்றி

நம் உதவியைப் பெறும் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவர் அல்லாத குடும்பத்தினர். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிலையத்தில், காப்பாளரின் சம்மதமின்றி ஒரு பிள்ளையைச் சமய போதனையில் கலந்துகொள்ளச் செய்ய முடியாது என்று அரசியலமைப்பின் 28ஆம் கூறு சொல்லுகிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். சுண்டலுக்கும் நோட்டுக்கும் ஈடாகக் கேட்கப்படும் ஜெபம், ஜெபமாக இருக்க முடியாது. வகுப்பைத் தொடங்குமுன் ஆசிரியர் ஜெபிக்கட்டும், விரும்புகிற பிள்ளைகள் நிற்கட்டும். நிற்காத பிள்ளைக்குப் பங்கு குறையாது என்பதை அது கண்ணால் காணட்டும்.

ஞானஸ்நானத்தில் இன்னும் கூடுதல் நிதானம் வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரே பட்டியல் சாதியினராகக் கருதப்படுகிறார்கள். கிறிஸ்தவராகும் பட்டியல் சாதிப் பிள்ளை தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கு மாறுகிறது, அதனால் சில கல்வி உதவித்தொகைகளும் ஒதுக்கீடும் மாறுகின்றன. இந்தச் சட்டம் அநீதியானது என்பதே என் கருத்து. ஆனால் அதன் விளைவைச் சுமக்கப்போவது பிள்ளைதான். ஆதலால் அது வளர்ந்து, எல்லாம் தெரிந்து, தானே முடிவெடுக்கட்டும். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனி இடம் இருக்கிறது. சாதி தெரியாத பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்கும்போது இதை வட்டாட்சியரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு

பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்குங்கள், சேகரகுருவுக்கும் சேர்த்தே. பூட்டிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே இருக்கக் கூடாது. அடிக்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகத் தெரியவந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சபையின் பெயரைக் காப்பதற்காகக் கமிட்டிக்குள் பேசி முடிப்பது குற்றமும் பாவமும் ஆகும். பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. கிறிஸ்மஸ் மரத்தடியில் புத்தகப்பையை வாங்கும் பிள்ளையின் முகத்தை நன்கொடையாளருக்கு அனுப்பும் வழக்கத்தையும் இதோடு நிறுத்திவிடுங்கள். நன்கொடையாளருக்கு வரவு செலவுக் கணக்கையும், எத்தனை பிள்ளைகள் எந்த வகுப்பில் தேறினார்கள் என்பதையும் அனுப்பினால் போதும். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம்.

பதினெட்டுக்குப் பிறகு

பதினெட்டாம் பிறந்தநாளோடு பல உதவிகள் நின்றுவிடுகின்றன. இல்லத்திலிருந்து வெளிவருவோருக்கு 21 வயதுவரை பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தைப் பதினேழாவது வயதிலேயே தயாரிக்கத் தொடங்குங்கள். வீட்டிலிருந்து படித்த பிள்ளைக்குக் கல்லூரி முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம், இரண்டு செட் துணி ஆகியவை ஒரே மாதத்தில் வந்து நிற்கும். அந்த ஜூன் மாதத்துக்கென்று பத்தாம் வகுப்பு முதலே சிறுகச் சேர்த்துவையுங்கள். ஐடிஐ, பாலிடெக்னிக், செவிலியர் படிப்பு என்று எதைத் தேர்ந்தாலும், அந்தத் துறையில் வேலை செய்யும் சபையார் ஒருவரோடு பிள்ளையை ஒருநாள் அனுப்பிவையுங்கள்.

வீடு இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சபையில் ஒரு குடும்பத்தைப் பேசி வைத்துவிடுங்கள். கிறிஸ்மஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் விடுதி மூடும்போது அந்தப் பிள்ளை பையோடு வந்து இறங்க அந்த வீடு இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் தொலைபேசியில் அழைக்கவும், முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கவும், நாளை சம்பந்தம் பேச வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசவும் அந்த வீட்டில் ஒரு மாமாவும் அத்தையும் இருக்க வேண்டும். அவர்கள் யாரென்று பிள்ளைக்குப் பதினாறு வயது ஆவதற்குள் குழுவின் நோட்டில் எழுதப்பட்டிருக்கட்டும்.